மருத்துவப் பதிவு (தமிழ்நாடு)

இக்கட்டுரை தமிழ்நாட்டில் மருத்துவர்களைச் சட்டப்படி பதிவு செய்யும் முறை பற்றியது. மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் முறை இதனின்று வேறானது.

மருத்துவப் பதிவு என்பது, உரிய கல்வித்தகுதியும் பயிற்சியும் பெற்ற ஒருவரின் பெயரைச் சட்டத்தால் நிறுவப்பட்ட அமைப்பு ஒன்று தன் பதிவேட்டில் சேர்த்து, அவர் மருத்துவத் தொழில் செய்வதற்கு இசைவு அளிப்பது ஆகும். பட்டம் என்பது பல்கலைக்கழகம் அளிப்பது. தொழில் செய்யும் உரிமை என்பது பதிவேட்டால் வருவது. எம்.பி.பி.எஸ். தேர்வில் வென்ற ஒருவர்கூடப் பதிவு பெறும் வரை தனித்து மருத்துவம் பார்க்க இயலாது. பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர், பட்டம் கையில் இருந்தாலும், சட்டத்தின் முன் மருத்துவராகத் தொழில் செய்ய உரிமை இல்லாதவர் ஆவார்.

தமிழ்நாட்டில் எல்லா மருத்துவர்களுக்கும் ஒரே பதிவேடு இல்லை. நவீன மருத்துவம் (அலோபதி), சித்த மருத்துவம், ஆயுர்வேதமும் யுனானியும், ஓமியோபதி, பல் மருத்துவம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் உள்ளன. செவிலியர், மருத்துவச்சிகள், மருந்தாளுநர்கள் ஆகியோருக்கும் தனிப் பதிவேடுகள் உண்டு. எனவே "இவர் பதிவு பெற்றவரா?" என்ற வினாவுடன் "எந்தப் பதிவேட்டில்?" என்ற வினாவும் சேர்ந்தே எழுகிறது.

வரலாறு

பதிவுக்கு முந்தைய காலம்

தமிழகத்தில் மருத்துவம் நெடுங்காலம் குருவிடமிருந்து மாணவருக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் வழிவழியாக வந்த தொழிலாக இருந்தது. வைத்தியரின் தகுதியை ஊரார் அவரது கைராசியையும் நடத்தையையும் கொண்டே அறிந்தனர். மகப்பேற்றை ஊர் மருத்துவச்சியே கவனித்துக்கொண்டார். இவர்களுக்குச் சான்றளிக்கும் பொது அமைப்பு எதுவும் இருக்கவில்லை.

மேனாட்டு மருத்துவக் கல்வி 1835-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது. அப்பள்ளி 1850-இல் சென்னை மருத்துவக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்தில், 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டோரை மேனாட்டு மருத்துவத்தில் பயிற்றுவித்தார். அவர்களில் ஒரு பகுதியினர் தமிழிலேயே அதனைக் கற்றனர். இவ்வாறு இரு கரைகளிலும் பயின்று வந்த தொடக்ககால மருத்துவர்கள் பதிவேடு எதுவும் இல்லாத காலத்திலேயே தொழில் செய்தவர்கள் ஆவர்.

1914-ஆம் ஆண்டுச் சட்டம்

பிரித்தானியாவில் 1858-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் பொது மருத்துவக் கவுன்சிலையும் மருத்துவர் பதிவேட்டையும் உருவாக்கியது. இம்முறையைப் பின்பற்றிப் பம்பாய் மாகாணம் 1912-இலும், வங்காளமும் சென்னையும் 1914-இலும் சட்டம் இயற்றின. சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம், 1914 என்பதன்கீழ் அமைந்த சென்னை மருத்துவக் கவுன்சிலே இன்றைய தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் முன்னோடி ஆகும். இதன் அலுவலகம் சென்னை அரும்பாக்கத்தில் உள்ளது.

தொடக்ககாலப் பதிவுச் சட்டங்கள் பதிவு பெறாதோர் மருத்துவம் பார்ப்பதை முற்றாகத் தடை செய்யவில்லை. பதிவு பெற்றோரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டி, அரசுப் பணிகளையும் சட்டப்படி செல்லத்தக்க சான்றிதழ் அளிக்கும் உரிமையையும் அவர்களுக்கு உரியதாக்கின. ஆயினும் பதிவுக்குத் தகுதியாக மேனாட்டு மருத்துவப் பட்டங்களும் பட்டயங்களும் மட்டுமே ஏற்கப்பட்டதால், நாட்டு மருத்துவர்கள் அனைவரும் பதிவேட்டுக்கு வெளியே நின்றனர்.

நாட்டு மருத்துவமும் பதிவும்

இந்நிலையை ஆராயச் சென்னை அரசு 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மருத்துவர் கோ. சீனிவாசமூர்த்தி இதன் செயலாளராக இருந்தார். சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்கள் பலரிடம் கருத்துக் கேட்டுக் குழு 1923-இல் தன் அறிக்கையை அளித்தது. இம்மருத்துவ முறைகளுக்கு அரசின் ஏற்பும் முறையான கல்வியும் பதிவும் வேண்டும் என்பது அதன் சாரம். இதன் விளைவாக 1925-இல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அது பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, 1960-இல் நவீன மருத்துவம் பயிற்றும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறியது. சித்த மருத்துவத்துக்கான அரசுக் கல்லூரி 1964-இல் பாளையங்கோட்டையில் அமைந்தது.

விடுதலைக்குப் பின்

இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம், 1956 நாடு முழுமைக்கும் பொதுவான மருத்துவப் பதிவேட்டை ஏற்படுத்தியது. 1964-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், மாநிலப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் நவீன மருத்துவம் பார்ப்பது தண்டனைக்குரிய குற்றம் ஆயிற்று. வேறுபடுத்திக் காட்டுவதற்காகத் தொடங்கிய பதிவு, இத்திருத்தத்தால் தொழிலின் நுழைவாயிலாக மாறியது.

இந்திய மருத்துவ முறைகளுக்கு 1970-இலும் ஓமியோபதிக்கு 1973-இலும் இதையொத்த நடுவண் சட்டங்கள் வந்தன. இவை மூன்றும் பின்னர் மாற்றியமைக்கப்பட்டன. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019-இன்படி அமைந்த ஆணையம் 2020 செப்டம்பர் 25 அன்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்தைப் பெற்றது. இந்திய மருத்துவ முறைகளுக்கும் ஓமியோபதிக்கும் 2020-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி தனித்தனித் தேசிய ஆணையங்கள் ஏற்படுத்தப்பட்டன.

பதிவேடுகள்

தமிழ்நாட்டில் சிகிச்சைப் பணியுடன் தொடர்புடைய முதன்மையான பதிவேடுகள் பின்வருமாறு:

• தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்: எம்.பி.பி.எஸ். பட்டமும் அதற்கு மேற்பட்ட நவீன மருத்துவப் பட்டங்களும் பெற்றோர்.
• தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சில்: பி.எஸ்.எம்.எஸ். முதலிய தகுதி பெற்ற சித்த மருத்துவர்கள். இதற்கென 1997-இல் தனி மாநிலச் சட்டம் இயற்றப்பட்டது.
• தமிழ்நாடு இந்திய மருத்துவ வாரியம்: ஆயுர்வேத (பி.ஏ.எம்.எஸ்.), யுனானி (பி.யு.எம்.எஸ்.) மருத்துவர்கள்.
• தமிழ்நாடு ஓமியோபதி மருத்துவக் கவுன்சில்: பி.எச்.எம்.எஸ். முதலிய தகுதி பெற்றோர். இதன் மாநிலச் சட்டம் 1971-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.
• தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில்: பி.டி.எஸ். முதலிய தகுதி பெற்றோர்.
• தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில்: செவிலியர், துணைச் செவிலியர், மருத்துவச்சிகள். இதன் அடிப்படை 1926-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம்.
• தமிழ்நாடு மருந்தியல் கவுன்சில்: மருந்தாளுநர்கள். இதன் அடிப்படை 1948-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம்.

உடலியக்கச் சிகிச்சையாளர், ஆய்வக நுட்பர் போன்றோரையும் பதிவின் கீழ்க் கொண்டுவருவதற்கென 2021-இல் தனியொரு நடுவண் சட்டம் இயற்றப்பட்டது.

பதிவு நடைமுறை

நவீன மருத்துவத்தில் நான்கரை ஆண்டுக் கல்வியை முடித்த மாணவர் முதலில் தற்காலிகப் பதிவு பெறுகிறார். இது ஓராண்டுக் கட்டாயப் பயிற்சிக்கு மட்டுமே உரியது. பயிற்சி மருத்துவமனைக்கு வெளியே சொந்தமாகத் தொழில் செய்ய இது இடம் தராது. பயிற்சி நிறைவுற்றுப் பல்கலைக்கழகம் பட்டம் அளித்த பின்னரே நிரந்தரப் பதிவு வழங்கப்படும். அப்போது தரப்படும் பதிவெண் அம்மருத்துவரின் தொழில் அடையாளம் ஆகும். முதுநிலைப் பட்டம் பெறுவோர் அதனைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்துகொள்கின்றனர்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பும் இந்தியர் பதிவு பெறுவதற்குத் தகுதிகாண் தேர்வு ஒன்றில் வெல்ல வேண்டும் என்ற விதி 2002 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தேர்வில் 300 வினாக்களுக்குக் குறைந்தது 150 மதிப்பெண் பெற வேண்டும். உள்நாட்டில் படித்தோருக்கும் வெளிநாட்டில் படித்தோருக்கும் பொதுவான இறுதித் தேர்வு ஒன்றை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துள்ளது. ஆயினும் அது உடனடியாக நடைமுறைக்கு வரவில்லை.

மாநிலப் பதிவேடுகளை ஒன்றிணைக்கும் தேசிய மருத்துவப் பதிவேட்டின் இணையவாயில் 2024 ஆகத்து மாதம் தொடங்கப்பட்டது. இதில் பதிவு செய்துகொள்ளும் ஒவ்வொரு மருத்துவருக்கும் நாடு முழுமைக்கும் பொதுவான தனி அடையாள எண் வழங்கப்படுகிறது.

பதிவு தரும் உரிமைகளும் கடமைகளும்

பதிவு பெற்ற நவீன மருத்துவர் மருத்துவமனைகளில் பணியாற்றலாம். தனியே மருந்தகம் நடத்தலாம். நோய்ச் சான்றும் உடல்தகுதிச் சான்றும் அளிக்கலாம். நீதிமன்றத்தில் வல்லுநராகச் சாட்சியம் கூறலாம். இறப்பின் காரணத்தைச் சான்றளித்தல், கருக்கலைப்புச் சட்டம், 1971-இன்படி சிகிச்சை அளித்தல் முதலியனவும் பதிவின் அடிப்படையிலேயே அமைகின்றன. ஒருவரது காப்பீட்டுத் தொகை, வாரிசுரிமை, விபத்து இழப்பீடு ஆகியவை பல நேரங்களில் இத்தகைய சான்று ஒன்றைச் சார்ந்திருக்கின்றன. பதிவில்லாதவர் எழுதிய சான்று செல்லாது ஆகையால், அதனை நம்பிய குடும்பம் சிகிச்சையில் மட்டுமன்றி உரிமையிலும் இழப்பை அடையக்கூடும்.

கடமைகளை 2002-ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்க விதிமுறைகள் வரையறுக்கின்றன. இவற்றுக்கு மாற்றாக 2023 ஆகத்தில் வெளியிடப்பட்ட புதிய விதிமுறைகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு, பழைய விதிமுறைகளே தொடர்ந்தன. நோயாளிக்கு நேரடிப் பயன் தரும் விதிகள் சில:

• மருத்துவர் தம் பதிவெண்ணை மருந்தகத்தில் காட்சிப்படுத்த வேண்டும். மருந்துச் சீட்டு, சான்றிதழ், கட்டணப் பற்றுச்சீட்டு ஆகியவற்றிலும் அதனைக் குறிப்பிட வேண்டும்.
• உள்நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளை மூன்று ஆண்டுகள் பேணிக் காக்க வேண்டும்.
• நோயாளி அல்லது அவர் சார்பில் உரியவர் கேட்டால், அக்குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும்.
• ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும்.

புகாரும் ஒழுங்கு நடவடிக்கையும்

மருத்துவர் ஒருவரின் தொழில் நடத்தை குறித்த புகாரை மாநில மருத்துவக் கவுன்சிலிடம் அளிக்கலாம். கவுன்சில் இரு தரப்பையும் விசாரித்து, எச்சரிக்கை விடுக்கலாம். குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். நோயாளிக்கு இழப்பீடு வழங்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை. இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தையோ உரிமையியல் நீதிமன்றத்தையோ நாட வேண்டும். கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கவுன்சில் எடுத்த நடவடிக்கையை எதிர்த்து மருத்துவர் மேல்முறையீடு செய்யலாம் என 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. புகார் அளித்த நோயாளியை அப்பிரிவு குறிப்பிடவில்லை. 2002-ஆம் ஆண்டு விதிமுறைகளோ பாதிக்கப்பட்ட எவரும் மேல்முறையீடு செய்ய இடமளித்திருந்தன. நோயாளியின் காப்புக்காக ஏற்பட்ட அமைப்பில் நோயாளிக்கே இரண்டாம் வாயில் அடைபட்டுள்ளது என்பது இச்சட்டத்தின் மீது வைக்கப்படும் முதன்மையான குறை ஆகும்.

பதிவில்லா மருத்துவம்

2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் நவீன மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தண்டத்தின் உச்ச அளவு ஆயிரம் ரூபாயாக இருந்தது. மாவட்டந்தோறும் நலப்பணிகள் இணை இயக்குநரும் காவல்துறையும் இத்தகையோர் மீது நடவடிக்கை எடுக்கின்றனர்.

மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-இன்படி மருத்துவமனைகளும் மருந்தகங்களும் தனியே பதிவு பெற வேண்டும். சுவரில் தொங்கும் இந்நிறுவனப் பதிவுச் சான்றை மருத்துவரின் சொந்தப் பதிவு என்று கொள்ளலாகாது.

பெயர்ப்பலகைகளில் காணப்படும் "ஆர்.எம்.பி." என்ற எழுத்துகளும் குழப்பம் தருவன. "பதிவு பெற்ற மருத்துவர்" என்பதே இதன் பொருள். இது ஒரு பட்டமன்று; இதனைக் கொண்டு எந்தப் பதிவேடு என்பதை அறிய இயலாது. "ஆர்.ஐ.எம்.பி." என்பது இந்திய மருத்துவ முறையில் பதிவு பெற்றவரைக் குறிக்கும். சில நிறுவனங்கள் அஞ்சல் வழியில் வழங்கும் சான்றிதழ்கள் எந்தப் பதிவேட்டுக்கும் தகுதி ஆகா.

மருத்துவ முறைகளுக்கு இடையிலான எல்லை

ஒரு முறையில் பதிவு பெற்றவர் வேறொரு முறையில் சிகிச்சை அளிக்கலாமா என்பது நெடுங்காலமாக வழக்குகளுக்கு உள்ளாகி வரும் வினா. பம்பாயில் காய்ச்சல் கண்ட ஒருவருக்கு ஓமியோபதி மருத்துவர் அலோபதி மருந்துகளைக் கொடுக்க, நோயாளி உயிரிழந்தார். இவ்வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தான் கல்லாத முறையில் சிகிச்சை அளிப்பதே கவனக்குறைவு ஆகும் என்றும், அவ்வாறு செய்பவர் அம்முறையைப் பொறுத்தவரை போலி மருத்துவரே என்றும் கூறி, மூன்று இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

முக்தியார் சந்த் வழக்கில் 1998-இல் அதே நீதிமன்றம், இந்திய மருத்துவம் கற்றோர் நவீன மருந்துகளைப் பயன்படுத்துவது மாநிலச் சட்டம் அளிக்கும் உரிமையைப் பொறுத்தது என்று விளக்கியது. தமிழ்நாடு அரசு 2010-இல் பிறப்பித்த ஆணை ஒன்று, கல்லூரியில் முறையாகப் பயின்று பதிவு பெற்ற இந்திய மருத்துவப் பட்டதாரிகள் தாம் பெற்ற பயிற்சியின் அளவில் நவீன மருத்துவத்தையும் இணைத்துப் பயன்படுத்த இடமளித்தது. இதனை நவீன மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தும், இந்திய மருத்துவப் பட்டதாரிகள் ஆதரித்தும் வாதிட்டு வருகின்றனர்.

பரம்பரை வைத்தியர்கள்

கல்லூரியில் பயிலாமல் குருவழியில் கற்ற வைத்தியர்களின் நிலை தனித்தன்மை உடையது. 1970-ஆம் ஆண்டுச் சட்டம், அது நடைமுறைக்கு வந்த நாளில் ஏற்கெனவே பதிவு பெற்றிருந்தோரின் உரிமையைப் பட்டம் இல்லாவிடினும் காத்தது. பதிவேடு இல்லாத மாநிலங்களில் அந்நாளில் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் தொழில் செய்துவந்தோருக்கும் இவ்வுரிமை கிடைத்தது. ஆனால் இவ்வாயில் அந்தத் தலைமுறையுடன் மூடியது. அவர்களிடம் பின்னர்க் கற்றோருக்கு இது பொருந்தாது. கேரளப் பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், உரிய தகுதியும் பதிவும் இன்றி மருத்துவம் பார்க்க இயலாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

இலங்கையில் நிலைமை சற்று வேறுபட்டது. அங்கு 1961-ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்படி அமைந்த ஆயுர்வேத மருத்துவக் கவுன்சில், சித்த மருத்துவர்கள் உட்பட மரபுவழி வைத்தியர்களையும் பதிவு செய்கிறது. மேனாட்டு மருத்துவர்கள் 1927-ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பதிவு பெறுகின்றனர்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில்

பதிவு முறையின் இரு முனைகளையும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காணலாம். திருவரங்கத்தைச் சேர்ந்த தி. சே. சௌ. ராஜன் (1880–1953) இங்கிலாந்தில் எம்.ஆர்.சி.எஸ். தகுதி பெற்றுத் திருச்சிராப்பள்ளியில் மருத்துவம் பார்த்தவர். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகப் பயணம் 1930-இல் அவரது இல்லத்திலிருந்தே புறப்பட்டது. 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்தின் பொது சுகாதார அமைச்சராகவும் அவர் இருந்தார். திருச்சிராப்பள்ளியில் 1997-இல் நிறுவப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி கி. ஆ. பெ. விசுவநாதம் (1899–1994) பெயரைத் தாங்கியுள்ளது. அவர் சித்த மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டு "தமிழ் மருந்துகள்" என்னும் நூலை எழுதியவர். நாட்டு மருந்தைப் போற்றிய ஒருவரின் பெயர் கொண்ட கல்லூரியில் பயில்வோர் நவீன மருத்துவப் பதிவேட்டில் இடம்பெறுகின்றனர்.

மாவட்டத்தின் வடபகுதியில், துறையூர் வட்டத்தில், பச்சைமலையை அடுத்து உப்பிலியபுரம் பேரூராட்சி அமைந்துள்ளது. இது ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமும் ஆகும். 2008-ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறை வரை இப்பெயரில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி ஒன்று இருந்தது. பச்சைமலையில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர்.

பொதுவான அரசு நெறியின்படி சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், முறையே 5,000 பேருக்கும் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையமும் அமைய வேண்டும். துணை நிலையத்தில் பணிபுரியும் கிராம சுகாதார செவிலியரே மலையூர்க் குடும்பங்கள் முதலில் சந்திக்கும் பதிவு பெற்ற பணியாளர். அரசு நிலையங்களில் பணியில் சேர்வோர் பதிவுச் சான்றைக் காட்டியே சேர்வதால் அங்கு ஐயத்துக்கு இடமில்லை. ஐயம் எழுவது மாலை நேரத்தில், அரசு நிலையத்துக்குப் போகப் பேருந்து இல்லாதபோது, அருகில் உள்ள தனியார் மருந்தகத்தையோ மருந்துக் கடையையோ நாடும் வேளையில்தான். ஊசி போடுபவர் எவராயினும் அவரை "டாக்டர்" என்றே அழைப்பது வழக்கமாதலால், பதிவேடுகளுக்கிடையே உள்ள வேறுபாடு மக்கள் பேச்சில் மறைந்துவிடுகிறது.

பதிவைச் சரிபார்த்தல்

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் மருத்துவரின் பெயரையோ பதிவெண்ணையோ கொடுத்து எவரும் கட்டணமின்றித் தேடலாம். சரிபார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

• மருந்துச் சீட்டில் பதிவெண் உள்ளதா என்பது.
• அவ்வெண்ணுக்கு உரிய பெயரும் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்பது. பிறரது பதிவெண்ணைப் பயன்படுத்துவது போலி மருத்துவர்கள் கையாளும் வழிகளில் ஒன்று.
• பதிவேடு எந்த மருத்துவ முறையைச் சார்ந்தது, அளிக்கப்படும் சிகிச்சை அம்முறையைச் சார்ந்ததா என்பது.
• தனித்துறை வல்லுநர் எனக் கூறிக்கொள்பவரின் முதுநிலைத் தகுதி பதிவில் இடம்பெற்றுள்ளதா என்பது.

பதிவெண் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது; அதனைக் காட்சிப்படுத்துவது அவரது கடமையே ஆகும்.

விமர்சனங்கள்

பதிவேடு ஒருவரின் தகுதியைக் காட்டுமே அன்றி அவரது திறமையையோ நேர்மையையோ உறுதி செய்யாது என்பது பொதுவான குறை. மருத்துவர்களின் நடத்தையை மருத்துவர்களே விசாரிக்கும் முறை நடுநிலையானதா என்ற வினாவும் உண்டு. இறந்தோர், வெளிநாடு சென்றோர் ஆகியோரின் பெயர்கள் பதிவேட்டில் தொடர்வதால், பதிவு பெற்றோரின் எண்ணிக்கை தொழில் செய்வோரின் எண்ணிக்கையைக் காட்டுவதில்லை. மேலும், பதிவு பெற்ற மருத்துவர் ஊரில் இல்லாத இடத்தில் போலி மருத்துவரைக் கைது செய்வதால் மட்டும் நோயாளிக்கு மருத்துவர் கிடைத்துவிடுவதில்லை. ஆகையால் பதிவுச் சட்டத்தின் பயன், பதிவு பெற்றோரை ஊர்ப்புறங்களுக்குக் கொண்டுசேர்க்கும் பொது சுகாதார அமைப்பின் வலிமையையும் சார்ந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

• தேசிய மருத்துவ ஆணையம்
• சித்த மருத்துவம்
• சென்னை மருத்துவக் கல்லூரி
• சாமுவேல் பிஸ்க் கிறீன்
• உப்பிலியபுரம்